பத்மாவின் வீக்லி ஆஃப்

தாலிச்சரட்டைச் சட்டைக்குள் தள்ளி ஊக்கு போடுகிறாள். காதில் கிடக்கும் கம்மலைக் கழற்றிக் காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடுகிறாள். பிறகு வெள்ளைப் பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் சுற்றுகிறாள். வானகரத்தில் பைபாஸைப் பார்த்தபடி நிற்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில், காலை டூட்டி முடிந்ததும் போய்ப் பார்த்தால் பத்மா இந்த மூன்று காரியங்களையும் இதே வரிசையில் செய்துகொண்டிருப்பாள். நாலாவதாக ஒரு சத்தம் போடுவாள். "வாங்கடீ!" என்ற அந்தச் சத்தத்தில் சலவைக்கூடத்துத் தகரக் கூரைமேல் இருக்கிற புறாக்கள் இடம் மாறி உட்காரும்.

ஆடுவது த்ரோபால். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஆடுகிற ஆட்டந்தானே என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஒரு பந்து காதோரமாகப் போனதும் மரியாதையாகச் சுவரோரம் ஒதுங்கியிருக்கிறார்கள். வலைக்கம்பங்கள் இரண்டும் காலொடிந்த டிரிப்ஸ் ஸ்டாண்டுகள். பெயின்ட் வாளியில் சிமென்ட் ஊற்றி அதில் நட்டவை. வலை என்பது ஆபரேஷன் தியேட்டரில் உழைத்து ஓய்ந்த பச்சைத் துணிகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தது. ஆடுகிறவர்கள் எல்லாரும் நர்சுகள். மெரூன் நிறச் சட்டையும் பேன்ட்டுமாக, வார்டில் ஓடியது போதாதென்று இங்கேயும் வந்து ஓடுகிறார்கள். பத்மாதான் தலைவி. இரண்டாம் மாடி வார்டின் மூத்த நர்ஸ். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவள். உயரம் கம்மி, தோள் அகலம், குரல் அதைவிட அகலம்.

இந்த ஆட்டத்தில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு விதி. பந்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நெஞ்சோடு அணைக்கக் கூடாது. பிடித்த மூன்று நொடிக்குள் எறிந்துவிட வேண்டும். புதிதாக வந்து சேரும் பெண்ணுக்கு இதை அவள் சொல்லித்தரும் விதமே தனி.

"பிட்ச்சியா, எறிஞ்சியா, அத்தோட உட்று. வார்டுல பாக்குறத எல்லாம் நெஞ்சுலயே வச்சிகினு ஊட்டுக்கு எட்துகினு போறோம்ல, அதாமே நமக்கு வியாதி."

விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு சட்டத்தையும் இவர்களாகவே போட்டுக்கொண்டார்கள். எறிகிறபோது, அன்றைக்கு மனசில் எது உறுத்துகிறதோ அதைச் சொல்லி எறியலாம். "நாலாம் பெட் மாமியார்!" என்று ஒருத்தி கத்திக்கொண்டு எறிவாள், எதிர்ப்பக்கம் சிரித்துக்கொண்டே பிடிக்கும். "கேஸ் ஷீட்ட மூஞ்சில வீசுனாரே, அந்த டாக்டரு!" என்று இன்னொரு பந்து வரும்; அதற்கு வேகம் கூடுதலாக இருக்கும். எப்போதாவது, அன்று காலை இறந்துபோன ஒருவரின் பெயரோடு பந்து வரும். அப்போது யாரும் சிரிப்பதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை. பிடித்தவள் அடுத்தவளுக்கு எறிவாள், அவள் இன்னொருத்திக்கு. எல்லார் கையையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்த பிறகுதான் ஆட்டம் மறுபடி தொடங்கும். அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போய் ராத்திரி சோறு தின்கிறார்கள் என்றால் அதில் இந்தப் பந்துக்கு நிச்சயம் பங்கு உண்டு.

ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் செய்கிறவள், தன் விஷயத்தில் மட்டும் பச்சைப் பிள்ளை. பத்மாவுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்காதவர்களுக்கு 'ரிலீவர்' என்ற சொல்லின் கனம் தெரிய நியாயமில்லை. அடுத்த டூட்டிக்கு வந்து, நோயாளிகளைக் கட்டில் கட்டிலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, "நீ கிளம்பு" என்று சொல்லப்போகிறவள்தான் ரிலீவர். அவள் வராமல் இவள் நகர முடியாது. வராத அன்று, லீவில் இருக்கிற யாரையாவது கூப்பிட வேண்டும். யார் வீட்டுக்குப் போன் போட்டால் காரியம் நடக்கும் என்பது நர்சிங் ஆபீசுக்கு நன்றாகத் தெரியும். பத்மாவின் நம்பர் அங்கே எல்லாருக்கும் மனப்பாடம்.

அவளும் முதலில் "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, அப்புறந்தான் "இன்னா விஷயம் மேடம்?" என்று கேட்பாள். மகள் நிஷா பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடியபோது, பத்மா யூனிஃபாரத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, மகளின் பாட்டுக்கு முந்தின பாட்டிலேயே எழுந்து ஓடினாள். நாத்தனார் வளைகாப்பில் ஒரு கைக்கு வளையல் போட்டாள். மறு கைக்கு வேறு யாரோ போட்டார்கள். புருஷன் உத்தமன் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சாது. அவனே ஒரு நாள் சலித்துப்போய்ச் சொன்னான்: "முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆஸ்பத்திரியாண்ட போய்ப் பொண்ணு கேட்டிருப்பேன். ஒங்க அப்பங்கிட்ட கேட்டுட்டேன், அதான் தப்பாப் பூட்ச்சி."

போன் போடுகிறவர் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மதிவதனி மேடம். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி டாங்கி ஃபாக்டரிக்கு வேலைக்கு வந்தவர். மேடம் வளர்ந்தது குவார்ட்டர்சில். கெட்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ஆளில்லாத இடத்துக்கு ஆள் போடுவது அவர் வேலை, ஆளோ பத்தாது. கெஞ்ச வேண்டியவரும் அவர்தான், கண்டிக்க வேண்டியவரும் அவர்தான். இரண்டையும் செய்து செய்து, அவர் முகத்தில் இரண்டுமே ஒரே மாதிரி தெரியத் தொடங்கிவிட்டது.

உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்? இந்தப் பந்தாட்டம் தொடங்குவதற்கு முந்தின கதை இது. வார்டுக்குப் புதிதாக ஒரு பி.பி. மிஷின் வந்தது. இளைய நர்ஸ் சபீனா, ஓட்டிப் பார்க்கலாம் என்று பத்மாவின் கையிலேயே பட்டையைச் சுற்றினாள். மிஷின் காட்டிய எண்ணைப் பார்த்து சபீனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேறு யாருக்காவது அந்த எண் வந்திருந்தால் பத்மா அவரைப் படுக்க வைத்து, டாக்டருக்குச் சொல்லி, வார்டையே ஒரு உலுக்கு உலுக்கியிருப்பாள். தன் எண் என்றதும், "புது மிஷினே கோளாறா அனுப்பிக்கீறானுங்க பாரு" என்று பட்டையைக் கழற்றினாள். பிளாஸ்திரித் துண்டில் 'ரிப்பேர்' என்று எழுதி மிஷின் தலையில் ஒட்டி, கீழே கருவிகள் பழுது பார்க்கும் பிரிவுக்கு அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் அந்தப் பிரிவின் நாகேந்திரன் மிஷினை இடுப்பில் பிள்ளை மாதிரி இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்தான்.

"மிஷினு சோக்கா கீதுக்கா. எனக்குப் போட்டுப் பாத்தேன், வாட்ச்மேனுக்குப் போட்டுப் பாத்தேன், கேன்டீன் மாஸ்டருக்கும் போட்டுப் பாத்தேன். ஒரு ரிப்பேரும் இல்ல. நீ வோணும்னா கீழ வந்து படு, ஒன்னக் கழட்டிப் பாக்குறேன்."

வார்டே சிரித்தது. பத்மாவும்தான் சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் துணி அடுக்கும் அறைக்குள் போனவள், அங்கே அழுதாள். எதற்கு என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வருஷக்கணக்காகப் பிடித்து வைத்தது எல்லாம் சேர்ந்து வந்ததுபோல் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். "மனசுக்குப் பிடிச்சதா ஏதாவது பண்ணுங்க சிஸ்டர், விளையாடுறதுன்னாலும் சரி" என்று பேச்சுவாக்கில் சொன்னார். பேச்சுவாக்கில் சொன்னதைத்தான் பத்மா பிடித்துக்கொண்டாள்.

மே மாதம் செவிலியர் தினத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் கேக் வெட்டுவார்கள். யாராவது ஒருவர் நர்சுகளைத் தேவதைகள் என்று பேசுவார். தேவதைகள் நின்றபடியே கேக்கை வாயில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். அப்படி ஒரு தினத்துக்கென்று வாங்கி, காற்றுகூட அடிக்காமல் ஸ்டோர் ரூமில் கிடந்தது ஒரு பந்து. பத்மா அதைத் தூசி தட்டி எடுத்து, பைபாஸ் ஓரத்துப் பங்ச்சர் கடையில் காற்றடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆடியவள்தான், கல்யாணத்துக்குப் பிறகு பந்தைக் கையால் தொட்டதில்லை. முதல் நாள் எறிந்த பந்து சலவைக்கூடத்துச் சோப்புத் தொட்டியில் போய் விழுந்தது. இரண்டாம் நாள் சபீனா சேர்ந்தாள். மாதம் திரும்புவதற்குள் ஏழு பேர் சேர்ந்து ஒரு அணி ஆகிவிட்டார்கள்.

எட்டாவதாக ஒருவர் இருந்தார், மாடியில். வேம்புலி என்ற பெரியவர். சிமென்ட் மூட்டை தூக்கித் தூக்கி நுரையீரல் கெட்டுப்போனவர். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலோரக் கட்டில். இனித் தேறமாட்டார் என்று டாக்டர்கள் மகனிடம் சொல்லிவிட்டார்கள். கிழவரிடம் யாரும் சொல்லாமலே அவருக்கும் தெரியும். வீட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்று மகன் சொன்னபோது, "ஊட்டுல இன்னா கீது? இங்கனா பந்தாட்டம் கீது" என்று மறுத்துவிட்டார். ஜன்னல் வழியாக அவர்தான் நடுவர். டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் பாயின்ட், படபடவென்று தட்டினால் தப்பாட்டம். பத்மா அவரை நைனா என்பாள். அவர் அவளை "இந்தாம்மே, ப்ளேயரு" என்று கூப்பிடுவார். வாய் துடைத்துவிட, முதுகில் தலையணை வைக்க, அவள் டூட்டியில் இருந்தால் வேறு யாரையும் விடமாட்டார்.

ஆவடியில் ஒரு சங்கத்தார், சுற்றுவட்டார ஆஸ்பத்திரி நர்சுகளுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை த்ரோபால் போட்டி வைத்தார்கள். பள்ளிக்கூட மைதானம், கேடயம், மத்தியானச் சாப்பாடு. இவர்களும் பெயர் கொடுத்தார்கள். ஏழு பேருக்கு மேல் ஆள் கிடையாது. ஒருத்தி வராவிட்டாலும் அணியே கிடையாது. ஆறு பேர் டூட்டியை முன்பின் மாற்றிக்கொண்டார்கள். பத்மாவுக்கு அன்று வீக்லி ஆஃப். அதனால் எல்லாரையும்விட அதிகச் சந்தேகம் அவள்மேல்தான் இருந்தது. அவளுடைய ஆஃப் எப்படிப்பட்ட ஆஃப் என்று எல்லாருக்கும் தெரியுமே.

சபீனா ஒரு பயிற்சி கண்டுபிடித்தாள். வலைக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, மேடத்தின் குரலை அப்படியே எடுத்து, "பத்மா, ஆஃப்னு தெரியும், கொஞ்சம் வர முடியுமாம்மா?" என்று கேட்டபடி பந்தை எறிவாள். பத்மா பிடித்து, "முடியாது மேடம்" என்று சொல்லித் திருப்பி எறிய வேண்டும். அதுவும் மூன்று நொடிக்குள். முதல் தடவை பத்மா பந்தைப் பிடித்தாள், வாயைத் திறந்தாள், "வரேன் மேடம்" என்றாள், பந்தைக் கீழே போட்டாள். இரண்டாம் தடவை "யாரு மேடம் வரல?" என்று விசாரித்தாள். அதற்கும் அடுத்த தடவை "முடி..." வரைக்கும் வந்து, மீதி தொண்டையில் நின்றது. பெண்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். பத்மா சிரிக்கவில்லை. "இன்னாடி இது, ஒரு எழுத்து ஜாஸ்தியா சொல்ல இம்மாம் பேஜாரா கீது" என்று உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் டூட்டி முடிகிற நேரம். வேம்புலிக்கு மூச்சு ரொம்பவே சிரமமாக இருந்தது. "நாளிக்கி ஆட்டமாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "சும்மா போய்ட்டு வராத. அட்ச்சி நொறுக்கு" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை. பூந்தமல்லியில் ஆவடி பஸ் ஏறி, பந்தைக் கட்டைப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பத்மா உட்கார்ந்தாள். பக்கத்தில் சபீனா. பஸ் கிளம்பவில்லை, போன் மணி அடித்துவிட்டது. திரையில் மதிவதனி மேடம் பெயர். சபீனா தன் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பத்மா, ஆஃப்னு தெரியும்மா. காலை டூட்டிக்கு வர வேண்டிய ரெண்டு பேருமே வரலை. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி போனையே எடுக்கலை. நைட் டூட்டிப் பொண்ணு இன்னும் ஒத்தையில நிக்கிறா. நீ கொஞ்சம் வந்துரு."

பயிற்சியில் வந்த கேள்வியில் அந்த நைட் டூட்டிப் பெண் இல்லை. ராத்திரி முழுக்க நின்ற காலோடு ரிலீவருக்காக வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று பத்மாவைவிட யாருக்குத் தெரியும்? ஜன்னலோரக் கட்டிலில் நைனாவின் வாயை யார் துடைப்பார்கள்? வழக்கமான இரண்டு சொற்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றன. பஸ்ஸை விட்டு இறங்கிவிடத் தயாராக அவள் கால்கூட நகர்ந்துவிட்டது. அப்போது முன் சீட்டுகளில், முதல் தடவையாக ஒரே மாதிரி பின்னிக்கொண்டு வந்திருந்த மற்ற ஐந்து பேரின் ஐந்து ஜடைகள் தெரிந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்துவிட்டதுபோல ஐந்தும் அசையாமல் இருந்தன.

"முடியாது மேடம்" என்றாள் பத்மா.

முன்னால் ஐந்து ஜடைகளும் ஒன்றாகத் திரும்பின.

"அப்ப அந்தப் பொண்ணு என்ன செய்வா, பத்மா?"

"அத்த நிக்க வெக்காதீங்க மேடம். பாவம், ஊட்டுக்கு அனுப்பிடுங்க." பத்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க போங்க மேடம். நீங்களும் நர்சுதான?"

எதிர்ப்பக்கம் போன் வைக்கப்பட்டது.

பஸ் பருத்திப்பட்டு தாண்டும் வரைக்கும் பத்மா போனையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியது தானா என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. வேலை போனால் நிஷாவின் படிப்பு என்ன ஆகும் என்று நினைத்தாள். உத்தமனிடம் என்ன சொல்வது என்று நினைத்தாள். சபீனா அவள் போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மைதானத்தில் இறங்கிச் செருப்பைக் கழற்றும்போதுதான் சபீனாவின் போனுக்கு நைட் டூட்டிப் பெண்ணிடமிருந்து ஒரு படம் வந்தது. மதிவதனி மேடம் புடவைமேல் பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்க, மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போகிறார். அடியில் ஒரு வரி: 'மேடம் வந்துட்டாங்க. நான் வூட்டுக்குப் போறேன். ஜெயிச்சிட்டு வாங்கக்கா.'

அதற்கப்புறம் பத்மா ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். இறுதி ஆட்டத்தில் எதிரணி முழுக்கச் சின்னப் பெண்கள். முதுகில் எண் போட்ட பளபளப்பான பனியன்கள். இவர்களுடைய பனியன்களில் ஒன்று சர்க்கரை நோய் முகாமில் இலவசமாகக் கொடுத்தது. "ஆன்ட்டி, பாத்து, விழுந்துறப் போறீங்க" என்று எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி அன்பாகத்தான் சொன்னாள். ஆன்ட்டி எறிந்த அடுத்த பந்து அந்தப் பெண்ணின் விரல்களுக்கு நடுவே புகுந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது. முதல் செட் இவர்களுக்கு. இரண்டாவதை அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றாவதில் இரண்டு பக்கமும் சரிசமம். வெயில் தலைக்குமேல் நின்றது. கடைசிப் பாயின்ட்டுக்கு வந்த பந்தை பத்மா தலைக்குமேல் எம்பிப் பிடித்தாள். கால் தரையில் பட்டதும் தோளைத் திருப்பி, "முடியாது மேடம்!" என்று ஆவடிக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு எறிந்தாள். எதிரணியில் உயரமான பெண் திடுக்கிட்டு ஒரு கையை மட்டும் நீட்டினாள். பந்து நழுவி விழுந்தது. அப்படிக் கத்தலாமா என்று நடுவர் யோசித்துப் பார்த்தார். கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. பாயின்ட்டைக் கொடுத்துவிட்டார்.

ஏழு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்தார்கள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்! பத்மாவுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை காரணம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மத்தியானம் பந்தியில் உட்கார்ந்து, இலையில் ஒவ்வொன்றாக ருசி பார்த்து, ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் பாதியில் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பத்மா கேடயத்தை டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் பட்டப்பகலில் படுத்துத் தூங்கினாள். அம்மா குறட்டை விடுவாள் என்பதே நிஷாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை வார்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலோரக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நைட் டூட்டிப் பெண் ஒப்படைக்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள். நேற்று மத்தியானம். மகன் பக்கத்தில் இருந்தார். மேடம்தான் கூட நின்று எல்லாம் செய்தார்கள். பத்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். புதிதாக வந்தவரிடம் போய்ப் பெயர் கேட்டாள், தலையணையைச் சரி செய்தாள். எதிர்பார்த்ததுதான், டாக்டர்கள் சொன்னதுதான். ஆனாலும், 'போயிருக்கலாமோ' என்ற ஒரு சொல் காலையிலிருந்து அவளோடு கட்டில் கட்டிலாக நடந்துவந்தது. அன்றைய டூட்டி முடிவதற்குள் அந்த ஒரு சொல்லே, ஜெயித்த ஜெயிப்பையெல்லாம் தின்றுவிடும்போல் இருந்தது.

டூட்டி முடிந்து பின்பக்கம் வந்தாள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. வலைக்குப் பக்கத்தில் மதிவதனி மேடம் நின்றுகொண்டிருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பின் வார் அவிழ்ந்திருந்தது. திட்டப்போகிறார் என்று பத்மா நினைத்தாள். திட்டட்டும், பதிலுக்கு ஒன்றும் பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"நேத்து ஜன்னல் பக்கத்துப் பெரியவர் உன்னைத்தான் கேட்டார்" என்றார் மேடம். "'எங்க நம்ம ப்ளேயரு?'ன்னு. ஆவடிக்கு ஆடப் போயிருக்கான்னு சொன்னேன். அவருக்கு மூச்சு வரலை பத்மா. அந்த நிலைமையிலயும், 'ஜெய்ச்சிச்சா?'ன்னு கேட்டார்."

பத்மா வலைத்துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? மணி அப்ப பன்னெண்டுகூட ஆகலை. ஜெயிச்சுட்டான்னு சொல்லிட்டேன். அவ்ளோ சந்தோஷம் அந்த முகத்துல. அதுக்கப்புறம் அவர் ஒண்ணும் பேசலை." மேடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒரு ஆளைக் கையில பிடிச்சு அனுப்பி வச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. ராத்திரி தூக்கமே வரலை. நீங்கள்லாம் இதைத் தினம் எங்கதான் கொண்டு போய் வைக்கிறீங்க?"

காலையிலிருந்து கூடவே வந்த 'போயிருக்கலாமோ' என்ற அந்தச் சொல், அந்த இடத்தில் பத்மாவை விட்டுப் போனது. போகாததால்தான் அவர் கேட்டார். போகாததால்தான் அந்தப் பதிலும் அவருக்குக் கிடைத்தது. பத்மாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கண் கலங்கியிருந்ததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சலவைக்கூடத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வலைக்கு அந்தப்பக்கம் போய் நின்றார். எங்கே நிற்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, கோட்டின்மேலேயே நின்றார்.

பத்மா பந்தை எடுத்தாள். மேடமாயிற்றே, வயசாயிற்றே என்று பார்க்கவில்லை. "வேம்புலி நைனா!" என்று சொல்லி, தோளில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு எறிந்தாள். பந்து மேடத்தின் உள்ளங்கைகளில் அறைந்தது. அவர் ஓரடி பின்னால் போனார், ஆனால் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், அதை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றார்.

பத்மா வலைக்கு நெருங்கி வந்து, தன் இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டினாள்.